குக்கருக்குள் வைத்த கார்பரேட்டர்

குணசுந்தரிக்குச் சக்களத்தி என்று யாராவது இருந்தால் அது கார்பரேட்டர்தான். கடலூர் முதுநகருக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில், புருஷன் பழனிவேல் சோற்றுக்கு உட்காரும்போதுகூட இடது கையில் ஒரு பித்தளைத் துண்டை வைத்துக்கொண்டு, அதன் நடுவிலிருக்கும் ஓட்டையை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருப்பார். ஊசி முனை நுழைகிற ஓட்டை. எஞ்சினுக்குப் பெட்ரோலும் காற்றும் கலந்து கொடுக்கிற கார்பரேட்டரில் அதற்கு ஜெட் என்று பெயர். “இது வழியாத்தாண்டி எஞ்சினு பெட்ரோல் குடிக்குது. ஓட்ட கொஞ்சம் பெருசானா மூச்சு முட்டும். சிறுசானா பிஸ்டன் வெந்து போயிடும்” என்பார். பெண்டாட்டி முகத்தை ஒரு நாளாவது இப்படி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்திருப்பாரா என்று அவளுக்கு வயிறு எரியும். ரசம் ஆறிப்போகும். அதைச் சொன்னால் சூடு பண்ணச் சொல்வார்.

போதாக்குறைக்கு அவளுடைய தம்பி செந்தமிழ்செல்வனும் வந்து சேர்ந்தான். சித்திரப்பேட்டையில் அப்பா கொளஞ்சியோடு கடலுக்குப் போக மாட்டேன் என்று ஐ.டி.ஐ. படித்தவன். படிப்பு முடிந்த கையோடு அக்கா வீட்டில் தங்கி மாமாவின் பட்டறையில் வேலைக்கு நின்றான். துறைமுகத்துக்குப் போகிற சாலையில் பட்டறை. போட் எஞ்சினும் பார்ப்பார்கள், காரும் பார்ப்பார்கள். உப்பனாற்றுக் காற்று இரும்பைத் தின்கிற ஊரில் மெக்கானிக்குக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வேலியோரம் போட்டு வைத்திருந்த வெள்ளைக் கான்டெஸா காரை இந்த இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சக்கரத்தைச் சுற்றி அருகம்புல் முளைத்திருந்தது. அதை ஓடவைத்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய சாமான் கடையில் டர்போ ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சைலன்சர் வழியாக வீணாகப் போகிற புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறியைச் சுற்றவைத்து, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற சாமான் அது. திணித்தால் வேகம் வரும். ஆனால் அவ்வளவு காற்றைக் கார்பரேட்டர் தாங்கவில்லை. மூட்டுக்கு மூட்டு பெட்ரோல் பீச்சி அடித்தது. காற்றுப் புகாத பெட்டிக்குள் கார்பரேட்டரையே தூக்கி வைத்துவிட்டால் உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தமாகிவிடும் என்று பழனிவேல் கண்டுபிடித்தார். அப்படி அழுத்தம் தாங்குகிற அலுமினியப் பெட்டி எங்கே கிடைக்கும்?

தாய்வீட்டுச் சீராக வந்த பெரிய குக்கர் ஒரு நாள் அடுப்படியில் இல்லை. குணசுந்தரி தேடிக்கொண்டு பட்டறைக்குப் போனபோது அது கான்டெஸாவின் பானெட்டுக்குள் போல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. தம்பிக்காரன் கூச்சமே இல்லாமல், “பிரஷர் தாங்கறதுக்குன்னே செஞ்ச சாமான்க்கா இது. கம்பெனிக்காரனே டெஸ்ட் பண்ணிக் குடுத்துருக்கான்” என்றான். அந்த மாசம் முழுக்க அவள் சோற்றை வடித்துத்தான் போட்டாள்.

அதோடும் விடவில்லை. கார்பரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கிற வெற்றுப் பித்தளை மிதவை, டர்போவின் அழுத்தத்தில் நசுங்கிப்போனது. ஊரிலிருந்து மீன் கொண்டு வந்திருந்த கொளஞ்சி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். “உள்ள காலியா இருந்தா நசுங்காம என்னா பண்ணும்? வலையில கட்டற தக்கையக் கொண்டா” என்றார். தக்கையைச் செதுக்கி, வார்னிஷ் பூசிக் காயவைத்து மாட்டினார்கள். அன்றைக்கு அந்த எஞ்சின் விசிலடித்துக்கொண்டு ஓடியது. மூன்று ஆண்பிள்ளைகளும் பட்டறை வாசலில் நின்று குதித்ததை அவள் இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். கொளஞ்சிக்கு வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை.

அந்த நாட்களில் வீடு வீடாக இருந்தது. நெத்திலிக் குழம்பும் மாங்காயும் கொதிக்கிற நேரத்தில் மாமனும் மச்சானும் தட்டை வைத்துக்கொண்டு வாய்ச்சண்டை போடுவார்கள். செல்வன் எங்கேயோ ஒரு புத்தகத்தில் இன்ஜெக்‌ஷன் பற்றிப் படித்துவிட்டான். கார்பரேட்டர் குத்துமதிப்பாக ஊற்றுகிறது, இன்ஜெக்‌ஷனில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக அளந்து பீச்சும், டர்போவுக்கு அதுதான் சரி என்பான். “ஆஸ்பத்திரியில ஊசி போடற மாதிரி சொல்றியேடா. எஞ்சினுக்கு இன்னா காய்ச்சலா?” என்பார் பழனிவேல். மகள் சுவாதி அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அப்பாவும் மாமாவும் போடுகிற சத்தத்தில்தான் வீட்டுப்பாடம் எழுதுவாள்.

எல்லாம் சென்னைப் பக்கம் ஒரு பந்தயத்தில் முடிந்தது. முழு வேகத்தில் போகும்போது நாலாவது பிஸ்டன் ஓட்டை விழுந்து, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கடைசி சிலிண்டருக்குக் கார்பரேட்டர் ஒழுங்காகப் பெட்ரோல் கொடுக்கவில்லை, அதனால்தான் வெந்தது என்றான் செல்வன். அவன்தான் ஆசைப்பட்டு டர்போவின் அழுத்தத்தைத் திருகிக் கூட்டினான் என்றார் பழனிவேல். வழக்கமான சண்டைதானே என்று குணசுந்தரி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். பேச்சு வளர்ந்துகொண்டே போய், பழனிவேல் வாயிலிருந்து அந்த வார்த்தை விழுந்துவிட்டது.

“எஞ்சோத்தத் தின்னுட்டு எங்கைவேலையையே குத்தம் சொல்றியாடா?”

செல்வன் தட்டிலேயே கையைக் கழுவினான். பாதிச் சோறு அப்படியே இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு போனவன் சிதம்பரத்தில் தனியாகப் பட்டறை போட்டான். அதற்குப் பிறகு அக்கா வீட்டுப் படியேறவில்லை. கொளஞ்சி செத்தபோது மாமனும் மச்சானும் பாடைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நடந்தார்களே தவிர முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. பழனிவேல் கான்டெஸாவுக்கு வேறு பிஸ்டன் போட்டு, அதே குக்கரோடு அதே கார்பரேட்டரோடு வைத்திருந்தார். எப்போதாவது ஸ்டார்ட் செய்து கேட்டுவிட்டு நிறுத்திவிடுவார்.

*

சுவாதிக்குத் தை மாசத்தில் கல்யாணம் என்று நிச்சயமானது. மாப்பிள்ளை அன்பரசு சிதம்பரத்தில் வாத்தியார். மண்டபமும் அங்கேதான். குணசுந்தரி முதல் பத்திரிகையைக் குலசாமிக்கு வைத்துவிட்டு, இரண்டாவதை எடுத்துக்கொண்டு, வெற்றிலை பாக்கு பூவோடு சிதம்பரத்துக்குத் தனியாகப் பஸ் ஏறினாள்.

தம்பியின் பட்டறை பைபாஸ் ஓரத்தில் இருந்தது. தரையில் எண்ணெய்க் கறையே இல்லை. ஒரு சிவப்புக் காரின் எஞ்சினிலிருந்து ஒயர் இழுத்து லேப்டாப்பில் மாட்டிவிட்டு, செல்வன் அதில் ஓடுகிற கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொப்பை விழுந்திருந்தது. காதோரம் நரைத்திருந்தது. அக்காவைக் கண்டதும் எழுந்து, தானே ஓடிப்போய் டீ வாங்கிக்கொண்டு வந்தான்.

“சுவாதிக்குக் கல்யாணம்டா.”

“தெரியும்க்கா. ஊர்ல சொன்னாங்க.”

“ஊர்ல சொல்லி நீ தெரிஞ்சிக்கற நெலமை வந்துடிச்சி பாரு.” தட்டை நீட்டினாள். “தாய்மாமன் நீ. மாலையப் போட்டுக் கையப் புடிச்சி மணவறைக்கு அழைச்சிக்கிட்டுப் போவணும். நீ இல்லன்னா அந்த எடத்துல நான் யாரடா நிக்க வைப்பேன்? கூடப்பொறந்தவன் ஒருத்தன் இருக்கும்போதே பங்காளி வூட்டுப் புள்ளய நிறுத்துனா, எம்பொண்ணு மனசு என்னா பாடுபடும்?”

செல்வன் தட்டை வாங்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். கையில் துடைப்பதற்கு ஒன்றுமில்லை.

“வரேன்க்கா. ஆனா ஒண்ணு. அந்தக் கான்டெஸாவ எங்கிட்டக் கொண்டாந்து வுடச் சொல்லு. கார்பரேட்டரக் கழட்டிட்டு இன்ஜெக்‌ஷன் மாட்டறேன். பொண்ணழைப்புக்கு அந்த வண்டியில நானே ஓட்டிக்கிட்டு வந்து சுவாதிய மண்டபத்துல எறக்கறேன். அதுக்கு ஒத்துக்கிட்டா வரேன். இல்லன்னா வுட்டுடு.”

“புள்ள கல்யாணத்துலயாடா ஒம்பந்தயத்த வைக்கறே?”

“பந்தயம் இல்லக்கா. அன்னிக்கி நான் சொன்னது சரின்னு அவுரு வாயால சொல்ல மாட்டாரு. சொல்லவே வாணாம். வண்டி சொல்லட்டும்.”

அவனைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. சின்ன வயசில் கோலிக்குண்டுக்காகச் சோறு தின்னாமல் கிடந்த பிள்ளை இவன். தட்டைக் காரின் மேலேயே வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள். மழை விட்டு வெகுநாள் ஆகவில்லை. வாய்க்கால்களில் தண்ணீர் நிறைந்து ஓடியது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தும் அவள் ஒன்றையும் பார்க்கவில்லை.

வீட்டில் பழனிவேலுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள். அவர் கை சோற்றில் நின்றுவிட்டது.

“எங்காருல அவன் கம்ப்யூட்டர மாட்டுவானா?”

“மாட்டட்டுமே. வண்டி ஓடுனா சரி.”

“உனக்குத் தெரியாதுடி. கார்பரேட்டரு பேசும். ஒடம்புக்கு முடியலன்னா இருமும், தும்மும், பொகைய வுடும். எங்க நோவுதுன்னு நாலு நாளு நம்மகிட்டச் சொல்லும். நாம ஸ்குரு டிரைவர வச்சித் திருவிக் கேட்டுக்கலாம். இன்ஜெக்‌ஷன் அப்படி இல்ல. நல்லா இருக்கற வரைக்கும் நல்லா இருக்கும். கெட்டுப்போனா ஒரு பேச்சு இல்லாம நின்னுடும்.”

“உங்க கார்பரேட்டரு உங்ககிட்டப் பேசும். எந்தம்பி எங்கிட்டப் பேசலியே! அதுக்கு ஒரு ஸ்குரு டிரைவர் இருந்தா குடுங்க.”

பழனிவேல் மறுபடி சோற்றைப் பிசைந்தார். குணசுந்தரி கரண்டியைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டவள்தான். அன்றைக்கு முடியவில்லை.

“எனக்கு எந்தம்பி வேணும். எம்பொண்ணு கையப் புடிச்சி அவன் நடக்கணும். வேற ஒண்ணும் நான் உங்களக் கேக்கல. நகை கேட்டனா, பட்டு கேட்டனா? குக்கர எடுத்தீங்களே, அப்பகூட நான் திருப்பிக் கேக்கல!” என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

மறுநாள் விடிந்ததும் பட்டறைப் பக்கம் ஸ்பானர் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். பழனிவேல் கான்டெஸாவிலிருந்து கார்பரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். “கழட்டறதா இருந்தா நானே கழட்டிக் குடுக்கறேன். அடுத்தவன் கை பட வாணாம்” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். பெட்ரோலில் அதை அலசித் துடைத்து, தன் பழைய லுங்கியில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். வண்டியை லாரியில் ஏற்றிச் சிதம்பரத்துக்கு அனுப்பிவிட்டு, குக்கரைச் சோப்புப் போட்டுத் தேய்த்து அடுப்படியில் கொண்டுவந்து வைத்தார். போல்ட் ஓட்டைகளோடு அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? இருந்தாலும் வாங்கி மூலையில் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்குச் சமைத்த எல்லாவற்றிலும் அவளுக்குப் பெட்ரோல் வாசனை வந்தது.

*

பெண்ணழைப்பு அன்று மத்தியானம் கான்டெஸா வாசலில் வந்து நின்றது. வந்ததே தெரியவில்லை, அவ்வளவு அமைதியாக வந்தது. செல்வன் பட்டு வேட்டியில் இறங்கினான். சுவாதி “மாமா!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். குணசுந்தரிக்கு அதைப் பார்க்கவே போதும் என்றிருந்தது.

இலை போடச் சொன்னாள். “சாப்ட்டுத்தான்க்கா வந்தேன்” என்றான். பொய் என்று அவளுக்குத் தெரியும். வற்புறுத்தினால் கிளம்பிவிடுவானோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

பழனிவேல் வெளியே வந்து காரை ஒரு சுற்று சுற்றினார். பானெட்டைத் திறக்கவில்லை. “முன் டயர்ல காத்து கம்மியா இருக்குது” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, வேனில் சீர்த்தட்டு ஏற்றுவதைப் பார்க்கப் போய்விட்டார். சூடு ஆறட்டும் என்று செல்வன் பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு முகம் கழுவப் போனான்.

காரோடு குணசுந்தரி மட்டும் நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். குக்கர் இருந்த இடத்தில் வளைவு வளைவாகக் குழாய்கள், அவற்றின்மேல் ஒயர் ஒயராக ஓடின. புது எஞ்சின்தான் என்று நினைத்துக்கொண்டாள். புது எஞ்சினைச் சும்மா விடக்கூடாது. சித்திரப்பேட்டையில் அவள் அப்பா படகுக்கு முதன்முதலில் எஞ்சின் வைத்தபோது, அது தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் வீட்டுப் பெண்பிள்ளை மஞ்சள் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று ஊரே அவளைக் கூப்பிட்டது. அதிலிருந்து கொளஞ்சி வீட்டு எஞ்சின் எதுவும் அவள் கை படாமல் கடலுக்குப் போனதில்லை. இந்தக் கான்டெஸா முதலில் டர்போவோடு ஓடிய அன்றும் ஊற்றினாள். இரண்டு தும்மல் தும்மிவிட்டு ஓடியது. பழனிவேல் துணியால் துடைத்ததோடு சரி.

செம்பு நிறைய மஞ்சள் கரைத்துக்கொண்டு வந்தாள். இன்றைக்கு மனசு நிறைந்திருந்ததால் கையும் தாராளமாக ஊற்றியது. இருப்பதிலேயே பெரிய கறுப்புப் பெட்டியாகப் பார்த்துச் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தாள். வழிந்ததை முந்தானையால் ஒற்றிவிட்டு, கும்பிட்டுக்கொண்டு பானெட்டைச் சாத்தினாள்.

வெயில் தாழக் கிளம்பினார்கள். செல்வன் ஓட்ட, பக்கத்தில் பழனிவேல். பின்னால் சுவாதியும் குணசுந்தரியும். சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு வேன் பின்னால் வந்தது. செம்மங்குப்பம் தாண்டும்போது ரசாயன நெடி அடித்தது. சுவாதி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டாள். முன்னால் இருந்த இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆலப்பாக்கம் தாண்டி ரோடு காலியானதும் செல்வன் காலை அழுத்தினான். டர்போ மெல்ல விசிலடித்தது. முதுகு சீட்டில் ஒட்டியது. சவுக்குத் தோப்பு விர்ரென்று பின்னால் போனது. குணசுந்தரிக்குப் பழசெல்லாம் நினைவு வந்தது. இதே ரோட்டில் இதே கார் முன்பு போன போக்கு வேறு. காலை எடுத்தால் சைலன்சரில் பட்டாசு வெடிக்கும். வீடு திரும்பித் தலைக்குக் குளித்தாலும் கூந்தலில் பெட்ரோல் வாசனை போகாது. தம்பி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கூச்சல் போடுவான். பழனிவேல் அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுப்பார். இப்போது பழனிவேல் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுச்சத்திரம் தாண்டியதும் கார் ஒரு முறை வெட்டியது. இன்னொரு முறை வெட்டியது. அப்புறம் ஒன்றுமே சொல்லாமல் நின்றுவிட்டது. செல்வன் உருட்டிக்கொண்டுபோய் டீக்கடை ஓரம் நிறுத்தினான்.

பானெட்டைத் திறந்து ஒரு ஒயர் முனையைப் பிடுங்கினான். அதிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் சொட்டியது. இன்னொன்றைப் பிடுங்கினான். அதிலும் மஞ்சள். அவன் நிமிர்ந்தபோது முகம் கறுத்திருந்தது.

“யாரு ஊத்துனது?”

தான் ஊற்றியதுதான் வண்டியை நிறுத்தியது என்று குணசுந்தரிக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் பழனிவேல் எஞ்சினை எட்டிப் பார்த்தார். குங்குமப் பொட்டு அவர் கண்ணில் பட்டது.

“நான்தான்” என்றார்.

“வேணும்னே ஊத்துனீங்களா?”

“எப்படியோ வச்சிக்க.”

“நல்லா இருக்குது மாமா! உங்க கார்பரேட்டரு ஜெயிக்கணும்னு பெத்த பொண்ண நடுரோட்ல நிறுத்திட்டீங்களே! எனக்குத் தெரியும், நீங்க வண்டியக் குடுத்தப்பவே எதுவோ இருக்குதுன்னு நெனைச்சேன்.” செல்வன் பிடித்திருந்த ஒயரை உதறிவிட்டான். “பொண்ண வேன்ல ஏத்துங்க. வண்டி இங்கியே கெடக்கட்டும். எனக்கும் இந்த வூட்டுக்கும் ஒண்ணும் கெடையாது.”

கையைக்கூடத் துடைக்காமல் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்க நிறுத்தத்துக்குப் போனான். கடலூர் போகிற பஸ் ஒன்று தூரத்தில் வந்துகொண்டிருந்தது. மண்டபம் இருக்கிற திசையில்லை அது. பழனிவேல் அசையாமல் நின்றார். சுவாதி காருக்குள்ளிருந்து “மாமா!” என்று கூப்பிட்டாள்.

குணசுந்தரி பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டின் குறுக்கே ஓடினாள். ஒரு லாரிக்காரன் பிரேக் போட்டு வாயில் வந்ததைத் திட்டினான்.

“நில்லுடா! நாந்தாண்டா ஊத்துனேன்.”

“அவரக் காப்பாத்தறதுக்கு நீ சொல்லாதக்கா.”

“கையப் பாருடா.” இரண்டு உள்ளங்கையையும் அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். “கல்யாண வூட்டுக்காரி கை மஞ்சளா இருந்தா எவன் கேக்கப்போறான்? அப்பா எஞ்சின் வாங்கியாந்து கரையில வச்சப்ப நீ என் இடுப்புல இருந்தே. நான் ஊத்தும்போது சொம்ப நீயும்தான் புடிச்சே. எந்த எஞ்சினுக்குடா நான் ஊத்தாம வுட்டுருக்கேன்? நீ மாட்டுன எஞ்சின மட்டும் வுடுவனா?”

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொன்னார். செல்வன் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பஸ் போய்விட்டது.

“பொட்டும் வச்சியா?”

“வச்சேன். எந்தப் பொட்டி பெருசா இருந்துச்சோ அதுக்கு.”

“அதாங்க்கா அதோட மூளை” என்றான். சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பென்று ஆரம்பித்தது கண்ணில் தண்ணீராக முடிந்தது. அவள் தன் முந்தானையால் துடைத்துவிட, அவன் கன்னமெல்லாம் மஞ்சளானது.

திரும்பி வந்தபோது பழனிவேல் தன் துண்டால் ஒயர் முனைகளை ஒவ்வொன்றாக ஒற்றிக்கொண்டிருந்தார். செல்வன் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்தான்.

“ஏன் மாமா நான்தான்னு சொன்னீங்க?”

“பின்ன? அவளப் பாத்துக் கத்துவே. இன்னிக்கிப் போயி அவ அழுவணுமா? என்னப் பாத்துக் கத்தி உனக்குப் பழக்கம்தான.”

செல்வன் குனிந்து அடுத்த முனையைக் கழற்றிக் கொடுத்தான்.

துடைத்தால் போதாது, உள்ளே காயவேண்டும் என்றான். வேனில் வந்த மேக்கப் பெண் மலர்க்கொடி, மணப்பெண்ணின் தலைமுடிக்கு வைத்திருந்த டிரையரைக் கொடுத்தாள். டீக்கடைக்காரர் உள்ளேயிருந்து ஒயர் இழுத்துக் கரண்ட் கொடுத்தார். வேன் ஜனம் முழுக்கச் சுற்றி நின்று ஆளாளுக்கு யோசனை சொன்னது. பழனிவேல் டிரையரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முனையாகக் காட்டினார். “கிட்டப் போவாதீங்க மாமா, பிளாஸ்டிக் உருகிடும்” என்றான் செல்வன். “தெரியுண்டா” என்றார் அவர், ஆனால் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

குணசுந்தரி வழிக்குக் கட்டியிருந்த புளிச்சோற்றைப் பிரித்தாள். இலையில் முதலில் வைத்ததைப் பழனிவேல் வாங்கி மச்சானிடம் நீட்டினார்.

“தின்னு. உங்கக்கா சோறு. அன்னிக்கி நான் சொன்னது கொழுப்பெடுத்த பேச்சு.”

செல்வன் நின்றுகொண்டே தின்றான். பசித்திருந்தவன் தின்கிற வேகம் அது. குணசுந்தரி இன்னும் கொஞ்சம் வைத்தாள். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை.

கார் ஸ்டார்ட் ஆனதும் வேன் ஜனம் கைதட்டியது. செல்வன் இறங்கி மறுபக்கம் போய்க் கதவைத் திறந்தான். “நீங்க ஓட்டுங்க மாமா.” பழனிவேல் முதலில் தயங்கினார். பிறகு செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உட்கார்ந்தார். பழைய எஞ்சினை ஓட்டுகிற பழக்கத்தில் ஆக்சிலரேட்டரை இரண்டு தரம் மிதித்துச் சூடு ஏற்றப் பார்த்தார். “மிதிக்க வாணாம் மாமா, அதுவே பாத்துக்கும்” என்றான் செல்வன். அவர் காலை எடுத்தார்.

பி.முட்லூர் தாண்டினார்கள். வெள்ளாற்றுப் பாலத்தில் அவர் அழுத்திப் பார்த்தார். கார் ஒரு பிசிறில்லாமல் பாய்ந்தது. காலை எடுத்தார், மறுபடி அழுத்தினார். ஆற்றில் வெயில் சிவந்து கிடந்தது. காருக்குள் எல்லாரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ம்” என்றார்.

“என்னா மாமா ம்?”

“நல்லா இழுக்குது.”

செல்வன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காதுவரை அவனுக்குச் சிவந்துவிட்டது. இந்த ஒரு வார்த்தைக்குத்தான் இவன் இத்தனை வருஷம் காத்திருந்தானா என்று குணசுந்தரிக்குத் தோன்றியது.

“ஆனா ஒரு செம்பு மஞ்சத்தண்ணிக்கே மல்லாந்துடிச்சே மச்சான்” என்றார் பழனிவேல். “என் கார்பரேட்டரா இருந்தா தொடச்சிப் போட்டுட்டுப் போயிருப்பேன்.”

செல்வன் விருட்டென்று திரும்பினான். “கார்பரேட்டரு வண்டியில பிளக்குக்குக் கரண்டப் பிரிச்சிக் குடுக்கற டிஸ்ட்ரிபியூட்டர்னு ஒண்ணு இருக்குது, ஞாபகம் இருக்குதா? அது நனைஞ்சா அதுவும்தான் நிக்கும்.”

“அத மூடியக் கழட்டித் தொடச்சா முடிஞ்சிது. உன்னுதுக்கு எத்தினி முனை! பொண்ணு தலைக்கு வச்சிருந்த மிஷினு இல்லன்னா இன்னிக்கி நீ என்னா பண்ணியிருப்ப?”

“நாலாவது பிஸ்டன் வெந்துச்சே, அத எத வச்சி மாமா தொடச்சீங்க?”

“நீ திருவாம இருந்தா ஏண்டா வேவுது?”

“நான் திருவுனது கொஞ்சூண்டு!”

“கொஞ்சூண்டா? ஜாஸ்தியா திருவிட்டு கொஞ்சூண்டாம்!”

தேர் நிற்கிற கீழவீதி போய்விட்டது. மண்டபம் வந்துவிட்டது. நாயனக்காரர்கள் வாசித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றார்கள். பழனிவேல் எஞ்சினை நிறுத்தினார். பேச்சை நிறுத்தவில்லை. செல்வன் ஒரு காலை வெளியே வைத்துவிட்டு, மறுகாலை உள்ளே வைத்துக்கொண்டு, டாஷ்போர்டில் விரலால் கோடு போட்டு எதையோ விளக்கிக்கொண்டிருந்தான்.

குணசுந்தரியின் கண்ணிலிருந்து கொட்டியது. துடைக்கத் துடைக்க வந்தது.

“நான் போறேன்னு அழறியாம்மா?” என்று சுவாதி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். “இதோ இருக்குது சிதம்பரம். வாரா வாரம் வந்துடுவேன்.”

“ஆமாண்டி” என்றாள் குணசுந்தரி.

“அய்யோ, எல்லாரும் ஆரத்தி எடுக்க நிக்கறாங்கம்மா. அப்பாவையும் மாமாவையும் நிறுத்தச் சொல்லு.”

“செத்த நேரம் நிக்கட்டும். அவுங்க பேசி முடிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, குணசுந்தரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.